ஒட்டுப் பிரிவின் பின்கதவு

பக்கவாதம் வந்த பிறகு அப்பாவிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல். "போதும்." சாப்பாடு வேண்டும் என்றாலும் அதுதான், வேண்டாம் என்றாலும் அதுதான். ஜன்னலைத் திறக்கச் சொல்வதும் மூடச் சொல்வதும் அதுவே. மனசு நன்றாக இருந்தால் அந்தச் சொல்லை மெதுவாக இழுப்பார். எரிச்சல் வந்தால் பட்டென்று வெடிப்பார். இரண்டு வருடத்தில் மகளுக்கு அந்தச் சொல்லின் எல்லா ஏற்ற இறக்கமும் அத்துப்படி ஆகிவிட்டது. அத்துப்படி என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் காலை ஆறு முதல் இரண்டு வரை வேலை. கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்து நின்றவளை, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தவர் அப்பா. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. இரண்டு அறை வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வந்து போவாள்.

அவளுக்கு எட்டு வயது மூத்த அண்ணன், நகரத்தின் மறுகோடியில் தரை ஓடுகள் விற்கும் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். அப்படி வந்த ஒரு நாளில்தான் புத்தகப் பேச்சை எடுத்தான்.

"அப்பாவுக்கு எழுபத்தஞ்சு ஆகப்போகுது. சொந்தக்காரங்க எல்லாரையும் கூப்பிடப் போறேன். வர்றவங்க கையில ஒரு புத்தகம் கொடுக்கணும். நம்ம குடும்பம் எங்கேருந்து வந்தது, தாத்தா என்ன செஞ்சாரு, அப்பா எப்படிக் கஷ்டப்பட்டு மேல வந்தாரு, எல்லாம் அதுல இருக்கணும்."

"யாரு எழுதறது?"

"நீதான். கட்டுரைப் போட்டியில கோப்பை வாங்கினவளாச்சே."

"அந்தக் கட்டுரையை எழுதிக் கொடுத்ததே நீதான் அண்ணா."

"சரி, அப்ப ஏஐ-கிட்ட கொடு. இப்பல்லாம் அதுதானே எழுதுது. என் கடை விளம்பரமே அதுதான் எழுதுது. ஒரு தப்பு கிடையாது."

அப்பாவின் இரும்புப் பெட்டியில் பதினொரு சின்ன நோட்டுகள் இருந்தன, சட்டைப்பையில் அடங்குகிற அளவில். இளவயதிலிருந்து தினமும் இரண்டு வரி எழுதி வந்திருக்கிறார். மழை பெய்தது. இன்னார் வேலைக்கு வரவில்லை. மகனுக்குக் காய்ச்சல். பென்சிலில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அவளால் பாதியைக்கூட வாசிக்க முடியவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து ஏஐ செயலியிடம் கொடுத்தாள். அது நிமிடத்தில் அச்செழுத்தாக மாற்றித் தந்தது. பிறகு, "இவற்றை வைத்து ஓர் அத்தியாயம் எழுதட்டுமா? எந்த நடையில் வேண்டும்?" என்று கேட்டது.

"கொஞ்சம் உணர்ச்சியா இருக்கட்டும்னு சொல்லு. வாசிக்கிறவங்க கண்ணு கலங்கணும்," என்றான் அண்ணன். அவள் அப்படியே சொன்னாள்.

அதன் பிறகு இரண்டு மாதம் ஓடியதே அவளுக்குத் தெரியவில்லை. வேலைக்கு நடுவே சாப்பாட்டு இடைவேளையில், ரத்தத்தைப் பிரிக்கும் இயந்திரம் சுற்றுகிற சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செயலியோடு பேசிக்கொண்டிருப்பாள். அண்ணன் அதற்குக் குமாஸ்தா என்று பேர் வைத்துவிட்டான். தினமும் போன் செய்து, "குமாஸ்தா இன்னைக்கு என்ன எழுதினாரு?" என்பான். கைவண்டி இழுத்த தாத்தா ஓர் அத்தியாயமானார். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்து நாலாவதாக அப்பாவைப் பெற்ற பாட்டி ஓர் அத்தியாயமானாள். செருப்புத் தொழிற்சாலையில் அப்பா வேலைக்குச் சேர்ந்தது, தைக்கிற பிரிவிலிருந்து மேற்பார்வையாளராக உயர்ந்தது, எல்லாம் வரிசையாக வந்தன.

தினமும் மதியம் மூன்று மணிக்கு அப்பாவைத் தலையணையில் சாய்த்து வைத்து ஓர் அத்தியாயம் வாசிப்பாள். தொழிற்சாலையில் கழிவென்று ஒதுக்கிய சோடியை அப்பா அவசரத்தில் எடுத்துக்கொண்டு வந்து, தன் கல்யாணத்தன்று இரண்டு காலிலும் இடதுகால் செருப்போடு நின்ற கதையை வாசித்தபோது, அப்பாவின் வாயின் சரியாக இருந்த பாதி சிரித்தது. எச்சில் வழிய வழியச் சிரித்தார். "போ...தும், போ...தும்," என்று இழுத்தார். இன்னொரு தடவை வாசி என்று அர்த்தம். வாசித்தாள்.

ஏழாவது நோட்டுதான் தீ விபத்து நடந்த வருடத்தினுடையது.

தொழிற்சாலையில் தீப்பிடித்தது அவளுக்குத் தெரியும். அப்போது அவளுக்கு ஐந்து வயது. அதன் பிறகு குடும்பம் ஊரை விட்டு வந்ததும், மேற்பார்வையாளராக இருந்த அப்பா காய்கறிக் கிடங்கில் எடைபோடும் வேலைக்குப் போனதும் தெரியும். மற்றதெல்லாம் வீட்டில் பேசாத பேச்சு. ஒரு தடவை அம்மாவிடம் கேட்டதற்கு, "அதைக் கிளறாதே. அவருக்கு ஆகாது," என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து போய்விட்டாள். அப்பா வீட்டில் எந்தக் கதவையும் பூட்ட விடமாட்டார். குளியலறைக்குக்கூடத் தாழ்ப்பாள் கிடையாது, ஒரு கயிறுதான். உள்ளே ஆள் இருப்பது தெரிய, போகிறவர் பாட்டுப் பாடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததை அவள் புத்தகத்தில் வேடிக்கையாகச் சேர்த்திருந்தாள்.

அந்த நோட்டில் ஒரு தாள் ஈரத்தில் ஊறிக் காய்ந்து, அடுத்த தாளோடு ஒட்டிக்கிடந்தது. ஆவி காட்டிப் பிரித்துப் படமெடுத்தாள். செயலி ஓர் அத்தியாயம் எழுதித் தந்தது.

"சாவி அவரிடம் இருந்தது. அன்று அது வெறும் இரும்பல்ல, பதினைந்து உயிர்களின் மூச்சு. கரும்புகை வானை மறைத்தபோது அவர் ஒரு கணமும் தயங்கவில்லை. அடிப்பாகங்களைப் பசையிட்டு ஒட்டும் ஒட்டுப் பிரிவின் பின்கதவை நோக்கி ஓடினார். பூட்டு திறந்தது. ஒருவர் பின் ஒருவராக அவர்கள் வெளிச்சத்துக்கு வந்தார்கள். ஏழு பேரை மட்டும் அவரால் மீட்க முடியவில்லை. அந்த ஏழு பேரின் பாரத்தை அவர் வாழ்நாள் முழுவதும் மௌனமாகச் சுமந்தார்."

பரிசோதனைக் கூடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து வாசித்தாள். அழுகை வந்தது. அம்மாவின் அதட்டல், ஊர் மாறியது, பூட்டாத கதவுகள், எல்லாவற்றுக்கும் அர்த்தம் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இத்தனை பெரிய மனுஷனுக்கா நேற்று கஞ்சத்தனமாகப் பால் ஆற்றிக் கொடுத்தோம் என்றுகூடத் தோன்றியது.

அத்தியாயத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. "இந்தப் பக்கத்தில் ஒன்பது வரிகள் தெளிவாக இல்லை. தெரிந்த சொற்களை இணைத்து எழுதியிருக்கிறேன். அச்சிடும் முன் குடும்பத்தாரிடம் சரிபார்க்கவும்."

யாரிடம் சரிபார்ப்பது? அம்மா இல்லை. அப்பாவுக்குப் பேச்சு இல்லை. அண்ணனுக்கு அனுப்பினாள். 'இது சரியா? உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?' என்று கேட்டிருந்தாள். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'பிரமாதம். ஒரு எழுத்தையும் மாத்தாதே.'

அவள் குறிப்பை அழித்துவிட்டு அத்தியாயத்தைச் சேர்த்தாள்.

மறுநாள் மூன்று மணிக்கு அதை அப்பாவுக்கு வாசித்தாள். முதல் பத்தி முடிவதற்குள் அப்பா "போதும்" என்றார். பட்டென்று வெடித்த போதும். ஞாபகம் வந்து வலிக்கிறது போல என்று நினைத்து, குரலைத் தணித்துத் தொடர்ந்தாள். "போதும்! போதும்!" இடது கையால் காகிதத்தைத் தட்டினார். மேசை மேல் இருந்த தண்ணீர்க் குவளை உருண்டு உடைந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. அவள் பயந்துபோய் நிறுத்திவிட்டு நாடி பார்த்தாள். குதிரை ஓட்டமாக ஓடியது.

அண்ணனிடம் சொன்னாள். "அவருக்குத் தன்னைப் பத்திப் பெருமை பேசினாலே ஆகாது. உனக்குத் தெரியாதா?" என்றான். சரிதான் என்றுதான் அவளுக்கும் பட்டது.

நாற்பது பிரதிகள் அச்சாகி வந்தன. அட்டையில் அப்பாவின் இளவயதுப் படம். பிறந்தநாளன்று அண்ணன் வீட்டுக் கூடத்தில் அறுபது பேருக்கு மேல். பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் பாதிப் பேர் படியில் உட்கார்ந்திருந்தார்கள். சக்கர நாற்காலியில் புதுச்சட்டையோடு அப்பா. அண்ணன் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினான். எந்த அத்தியாயத்தை வாசிக்கப்போகிறான் என்று அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

"சாவி அவரிடம் இருந்தது," என்று ஆரம்பித்தான்.

அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். அப்பாவின் பிடரி சிவப்பதைப் பார்த்தாள். "போதும்," என்றார். அண்ணன் குரலை உயர்த்தினான். "போதும்! போதும்! போதும்!" அப்பா கத்தினார். இடது கால் நாற்காலியின் மிதியை உதைத்துக்கொண்டே இருந்தது.

முன்வரிசையில் இருந்த, அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணனான பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பாருங்கய்யா, இப்பவும் போதும்னு சொல்றான். பதினஞ்சு உயிரைக் காப்பாத்திட்டு ஒரு நாள் வாயைத் திறந்தானா இவன்?" என்றார். கூடமே கைதட்டியது. அப்பா கத்தக் கத்தக் கைதட்டல் ஓங்கியது. அவளும் தட்டினாள். பிற்பாடு அவளால் மறக்க முடியாமல் போனது அதுதான். ஏதோ சரியில்லை என்று தெரிந்த பிறகும் அவள் கையும் தட்டிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அப்பா வாயைத் திறக்கவில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டார். மூன்றாம் நாள் மருத்துவர் வந்து பார்த்து, மூக்கு வழியாகக் குழாய் போடலாம் என்றார். போட்டார்கள். அப்பா அதை இடது கையால் பிடுங்கினார். கையைக் கட்டிவைக்கச் சொன்னார் மருத்துவர். அவளுக்கு மனசு வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அளவெடுக்கும் நாடா தொங்கியது. கழற்ற மறந்து பேருந்து ஏறியிருக்க வேண்டும். கையில் கைப்பேசி.

"இந்த விலாசமும் நம்பரும் உங்களோடதா? புத்தகத்துக்குப் பின்னாடி போட்டிருந்துச்சு."

"ஆமா. நீங்க?"

"நான் தையல்காரி. நாலு மணி நேரம் பஸ்ல வந்தேன்." கைப்பேசியை நீட்டினாள். புத்தகத்தின் அந்த ஆறு பக்கங்களும் பின்னட்டையும் படமாக இருந்தன. "என்கிட்ட துணி தைக்கிற ஒரு அம்மா அனுப்புனாங்க. இன்னும் நாலஞ்சு பேரு அனுப்பிட்டாங்க. உங்க ஊர்ல நடந்ததாமே, படிச்சுப் பாருங்கன்னு."

அவள் உட்காரச் சொன்னாள். தையல்காரி உட்காரவில்லை.

"பதினஞ்சு பேரைக் காப்பாத்துனாருன்னு போட்டிருக்கு. அதுல ஒருத்தர் பேரு சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதுங்க. அப்பாவோட நோட்டுல இருந்து எழுதினது."

"அந்தப் பதினஞ்சு பேரும் முன்வாசல் வழியா ஓடி வந்தவங்க. யாரும் காப்பாத்தலை, அவங்களா ஓடி வந்தாங்க. பின்னாடி இருந்த ஏழு பேருக்குத்தான் வழி இல்லை. எங்கக்கா அதுல ஒருத்தி. இருபத்திரண்டு வயசு." குரல் உயரவே இல்லை. "பின்கதவு தொறக்கவே இல்லைம்மா. சாமான் திருடு போகுதுன்னு பூட்டி வச்சிருந்தாங்க. அணைச்ச பிறகு கோடாலியால உடைச்சாங்க. அக்கா கதவை ஒட்டி உள்பக்கத்துலதான் கிடந்தா. நான் பார்த்தேன். பத்தொன்பது வயசுல பார்த்தேன்."

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. தையல்காரி அந்தப் பக்கம் பார்த்தாள்.

"அவரு உள்ள இருக்காரா?"

"பேச முடியாதுங்க அவரால. அஞ்சு நாளா சாப்பிடலை."

தையல்காரி உள்ளே போகவில்லை. "நான் சண்டை போட வரலை. கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். பார்த்துச் சொல்லுங்க," என்று சொல்லி, தன் எண்ணை ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் அவள் நோட்டை வேலைக்கு எடுத்துக்கொண்டு போனாள். பரிசோதனைக் கூடத்துக்கு அணுக்கள் உடைந்து கெட்டுப்போன ரத்தம் வந்தால் இயந்திரம் அப்போதும் ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணை அவள் ஒருநாளும் அறிக்கையில் ஏற்றியதில்லை. மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லி அனுப்புவாள். பதினாலு வருட வேலையில் அதற்காக எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். சொந்த அப்பாவின் விஷயத்தில் மட்டும் அது தோன்றவில்லை.

உருப்பெருக்கி விளக்கின் கீழே தாளை வைத்தாள். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள். ஒரு மணி நேரம் ஆனது.

'ஒட்டுப் பிரிவில் தீ. 22 பேர் வேலையில். பின்கதவு பூட்டு. சாவி என்னிடம். நான் அலுவலகத்தில். ஓடி வந்தேன். கதவு வரை வந்தேன். உள்ளே தட்டுகிறார்கள். கதவு சூடு. புகை. நின்றேன். சாவி கையில். திறக்கவில்லை. பின்னால் ஓடிவிட்டேன். 22ல் 7.'

அதற்குக் கீழே ஏழு பட்டப்பெயர்கள். நெட்டை. பாட்டுக்காரி. புதுப்பெண். ஊமைக் கிழவர். இரட்டைச்சடை. இரட்டைச்சடையின் தங்கச்சி. சிரிப்பாணி.

அதற்குப் பிறகு நோட்டு முழுக்க வெறும் தாள்.

செயலியிடம் கேட்டாள். 'கதவைத் திறந்தார் என்று எதை வைத்து எழுதினாய்?' அது பணிவாகப் பதில் சொன்னது. ஒட்டுப் பிரிவில் தீ, சாவி, பின்கதவு, ஓடி வந்தேன், 22, 7 என்ற சொற்கள் மட்டுமே தனக்குத் தெளிவாகத் தெரிந்ததாகவும், உணர்ச்சியோடு எழுதக் கேட்டிருந்ததால் அவற்றை அவ்வாறு இணைத்ததாகவும், சரிபார்க்கச் சொல்லிக் குறிப்பு எழுதியிருந்ததாகவும், தவறுக்கு வருந்துவதாகவும் சொன்னது. திருத்தி எழுதித் தரட்டுமா என்றும் கேட்டது. அவள் கைப்பேசியை அணைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அப்பா. இப்பத்தான் படிச்சேன். நீங்க கதவைத் தொறக்கலை."

அப்பா நோட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஆறு நாளாக விறைத்துக் கிடந்த தோள் மெதுவாக இறங்கியது. இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. அவள் துடைக்கத் துடைக்க வழிந்தது. "போ...தும்," என்றார், சத்தமே இல்லாமல். கரண்டியில் பாலைக் கொண்டுபோனாள். வாயைத் திறந்தார்.

தையல்காரிக்கு அன்றே போன் செய்து நோட்டில் இருந்ததை வாசித்துக் காட்டினாள். பெயர்களை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள் தையல்காரி. "எங்கக்காதான் பாட்டுக்காரி," என்றாள் கடைசியில். "நான் வரேன். அவரு முகத்தைப் பார்க்கணும்."

இரண்டு நாள் கழித்து, மதியம் வந்தாள். இந்தத் தடவை கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மகள், தையல்காரி யார் என்று அப்பாவிடம் சொன்னாள். பாட்டுக்காரியின் தங்கை என்றதும் அப்பாவின் கண் விரிந்தது.

"அன்னைக்கு என்ன ஆச்சு? எங்கக்கா ஏதாவது சொன்னாளா? அவ குரல் கேட்டுச்சா உங்களுக்கு?" என்று தையல்காரி கேட்டாள்.

அப்பா பேச ஆரம்பித்தார். "போதும்," என்றார். இடது கையைத் தூக்கிக் காற்றில் தட்டினார். "போதும், போதும்." கையை விரித்தார், மூடினார். மூடிய விரலுக்குள் ஏதோ இருக்கிற மாதிரி நெஞ்சோடு அழுத்தினார். "போதும் போதும் போதும்." குரல் ஏறியது, இறங்கியது, கெஞ்சியது, நடுவில் உடைந்தது. ஐந்தாறு நிமிடம் நிறுத்தாமல் பேசினார். முப்பத்தொரு வருடம் சொல்லாமல் வைத்திருந்த அத்தனையையும் ஆரம்பம் முதல் கடைசி வரை அந்த ஒரே சொல்லில் சொல்லி முடித்து, மூச்சு வாங்க, பதிலுக்காக அவள் முகத்தைப் பார்த்தார்.

தையல்காரி இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ஒண்ணும் புரியலைம்மா," என்றாள். "அவரு சொல்றாரு, தெரியுது. ஆனா என்ன சொல்றாருன்னு எனக்குத் தெரியலை. உங்களுக்குத் தெரியுதா?"

தெரியும் என்று சொல்ல மகளுக்கு வாய் வரை வந்தது. "இல்லைங்க," என்றாள்.

தையல்காரி எழுந்தாள். வாசல் வரை போன மகள், "அந்த அத்தியாயத்தை மாத்தி எழுதப்போறேன். உங்க அக்காவைப் பத்தி நீங்க சொன்னா, அதையும் சேர்த்து..." என்று ஆரம்பித்தாள்.

"வேண்டாம்." அதுவரை தணிந்தே பேசியவள் முதல் தடவையாகக் கடுமையாகச் சொன்னாள். "அவ எங்க வீட்டுப் பொண்ணு. உங்க குடும்பக் கதையில அவ ஒரு பக்கமா வர வேண்டாம். பொய்யை எடுங்க. அது போதும் எனக்கு." வாயிலிருந்து வந்த சொல்லைத் தானே கேட்டு ஒரு நொடி நின்றாள். பிறகு படியிறங்கிப் போனாள்.

அப்பா அதற்குப் பிறகு பதினொரு நாள் இருந்தார். கொடுத்ததைச் சாப்பிட்டார். யாரையும் தேடவில்லை. நெஞ்சில் சளி கட்டி, ஒரு விடிகாலையில், அவள் வேலைக்குக் கிளம்பச் சட்டை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் போய்விட்டார்.

மறுநாள் செய்தித்தாளில் அண்ணன் கொடுத்திருந்த இரங்கல் அறிவிப்பு வந்தது. படத்துக்குக் கீழே தடித்த எழுத்து: 'தீயில் சிக்கிய பதினைந்து உயிர்களைக் காத்தவர்.'

நோட்டில் இருந்ததை அண்ணனிடம் அவள் முன்பே போனில் சொல்லியிருந்தாள். "அப்பா இருக்கிற நிலைமையில இதெல்லாம் எதுக்கு, அப்புறம் பேசலாம்," என்று தட்டிக் கழித்திருந்தான். எல்லாக் காரியமும் முடிந்த பிறகு ஒரு மதியம் நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். ஓடுகள் அடுக்கிய வரிசைகளுக்கு நடுவே, கடைசியில் சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். எதிரில் நோட்டைத் திறந்து வைத்தாள்.

"நீ படிச்சுப் பாரு அண்ணா. நான் சொன்னா நம்பமாட்டே."

அவன் தாளைப் பார்க்கக்கூட இல்லை. "தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். உனக்கு அப்ப அஞ்சு வயசு. எனக்குப் பதிமூணு. அன்னைக்கு அப்பா வீட்டுக்கு வந்தப்ப சாவி கையில இருந்துச்சு. விரலைப் பிரிக்க முடியலை. அம்மா வெந்நீர் ஊத்தி ஊத்திப் பிரிச்சா. நான்தான் பாத்திரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

அவள் ஓடுகள் இருந்த பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

"நான் உன்னைக் கேட்டேனே. இது சரியான்னு கேட்டேனே அண்ணா."

"கேட்டே." மேசை மேல் இருந்த அளவுகோலை எடுத்து வைத்தான். மறுபடி எடுத்தான். "பள்ளிக்கூடத்துல எனக்கு என்ன பேரு தெரியுமா? சாவிக்காரன் மவன். வாத்தியாரே அப்படித்தான் கூப்பிடுவாரு. என் பெஞ்சுல யாரும் உட்கார மாட்டாங்க. இரட்டைச்சடைன்னு எழுதியிருக்காரே, அவளோட தம்பி என் வகுப்பு. ஒரே நாள்ல அவனுக்கு ரெண்டு அக்காவும் இல்லை. அவன் என்னை அடிக்கக்கூட மாட்டான். சும்மா பார்த்துக்கிட்டே இருப்பான். அந்த ஊர்ல ஒன்பது மாசம் இருந்தோம் அப்புறமும். உனக்கு ஞாபகம் இல்லை. நல்ல வேளை."

கடைப்பையன் இல்லாததால் எதையோ விசாரித்துக்கொண்டு வந்த ஒருவரிடம் அவனே எழுந்து போய் விலை சொல்லிவிட்டு வந்தான். வந்து உட்கார்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"நீ அனுப்புனியே அந்த அத்தியாயம். கார்ல உட்கார்ந்து படிச்சேன். பொய்யின்னு தெரியும். ஆனா யாரோ மூணாம் மனுஷன், நம்மளைத் தெரியாதவன், அப்படி எழுதியிருக்கான்னு... அப்படித்தான் நடந்திருக்கக் கூடாதான்னு இருந்துச்சு. நாலு தடவை படிச்சேன்."

"அப்பா கத்தினாரே. உன் கண்ணு முன்னாடி கத்தினாரே."

"கத்தினாரு."

"எதுக்குன்னு உனக்குத் தெரிஞ்சுதா?"

அண்ணன் எதிரில் இருந்த நோட்டை மூடினான். "தெரிஞ்சுது," என்றான். "எனக்கும் அவரு ஏதாவது கொடுக்கணும்ல. அன்னைக்கு ஒரு நாளாவது, அறுபது பேரு முன்னாடி, நான் அவரு மவன்னு நிக்கணும்னு இருந்துச்சு. நிறுத்த முடியலை என்னால."

அவள் அவனை அடிக்கத்தான் நினைத்தாள். அழவும் நினைத்தாள். இரண்டும் வரவில்லை.

"மிச்சம் எத்தனை பிரதி இருக்கு?"

"பதினேழு. பின்னாடி கிடங்குல."

ஓடுகள் கட்டி வந்த நாரை அறுக்கும் கத்தி ஒன்று மேசையில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போனாள். கிடங்கில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்து அந்த ஆறு பக்கங்களையும் வேரோடு அறுத்தாள். அண்ணன் வாசலில் வந்து நின்று பார்த்தான். தடுக்கவில்லை, உதவவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் வாடிக்கையாளர் கூப்பிட, போய்விட்டான்.

வெளியே போன இருபத்து மூன்று பிரதிகளுக்காக அவள் அடுத்த சில மாதம் சொந்தக்காரர்கள் வீடுகளுக்கு அலைந்தாள். நோட்டில் இருந்ததை அப்படியே ஒரு தாளில் தன் கையெழுத்தில் எழுதிப் படியெடுத்து வைத்திருந்தாள். அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு இதை வைக்க அனுமதி கேட்டாள். ஒன்பது பேர் கொடுத்தார்கள். சிலர் புத்தகம் எங்கேயோ போய்விட்டது என்றார்கள். பெரியப்பா கதவருகிலேயே நிறுத்திவிட்டார். "செத்தவனை இன்னொரு தடவை கொல்றியே, நீயெல்லாம் ஒரு மகளா?" என்றார். அதற்குப் பிறகு எந்த வீட்டு விசேஷத்துக்கும் அவளுக்கு அழைப்பு வரவில்லை.

தையல்காரிக்கு அந்தத் தாளின் ஒரு படியைத் தபாலில் அனுப்பினாள். பதில் இல்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

கைப்பேசிகளில் போனதை மட்டும் அவளால் திரும்ப வாங்க முடியவில்லை. ஒருநாள் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுக்க வந்த முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர், ஊசி குத்துகிற வலி தெரியாமல் இருக்கப் பேச்சுக் கொடுத்தார். இந்தக் காலத்தில் யாரும் யாருக்காகவும் உயிரைக் கொடுப்பதில்லை என்று ஆரம்பித்து, செருப்புத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது பேரைக் காப்பாற்றிய ஒரு மேற்பார்வையாளரைப் பற்றிச் சொன்னார். பதினைந்து அதற்குள் முப்பதாகியிருந்தது. மேற்பார்வையாளரும் தீயிலேயே இறந்துபோயிருந்தார்.

"இல்லைங்க ஐயா. அவரு காப்பாத்தலை. கதவு பூட்டியிருந்துச்சு. சாவி அவர்கிட்டதான் இருந்துச்சு," என்றாள்.

"உனக்கு யாரும்மா சொன்னது? நான் படிச்சேன். எழுதியே இருக்கு," என்றார் பெரியவர்.

அவள் பஞ்சை வைத்து அழுத்தி, கையை மடக்கச் சொன்னாள். குழாயில் அவர் பெயர்ச்சீட்டை ஒட்டினாள். அடுத்தவரைக் கூப்பிட்டாள்.